தைக்கு நான் வரவில்லை

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறவனுக்குத்தான் அவ்வளவு சத்தம் வரும். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அம்மா கோபத்தில் வைத்துவிட்டாள் என்று உங்கப்பாவிடம் சொன்னாயாம். கோபம்தான், அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் வைத்ததற்குக் காரணம் அது மட்டுமில்லை. நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லும்போதே நீ அடுத்ததை ஆரம்பித்துவிடுவாய். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனாவால் இல்லை, லேப்டாப்பில்தான் அடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்தால் "பாவம் அம்மா" என்று இளகிவிடுவாய். நீ இளக வேண்டாம், கடைசிவரை படித்தால் போதும்.

நீ சொன்னதை நீயே ஒருமுறை படித்துப் பார். "அம்மா, விளையாண்டதெல்லாம் போதும். அந்தக் கம்பெனிக்கு முடியாதுன்னு ஒரு மெயில் போட்டுட்டு தைக்குக் கிளம்பி வா. நீ வரலைன்னா வினோதினி வேலைய விட வேண்டியதுதான்." இவ்வளவுதான் நீ சொன்னது. எனக்கு வேலை கிடைத்ததற்கு ஒரு சந்தோஷம்கூட இல்லை. எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று ஒரு கேள்விகூட இல்லை. பின்னால் பாப்பா சிணுங்குவதும், யாரோ ஓடிவந்து தூக்குவதும் கேட்டது. தூக்கியது நீ இல்லை. நீ என்னிடம் தொடர்ந்து கத்திக்கொண்டிருந்தாய்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் பெண்டாட்டி வினோதினிக்குப் பேறுகால விடுப்பு தையோடு முடிகிறது. சம்பந்தியம்மாவால் வேதாரண்யத்தைவிட்டு நகர முடியாது. சம்பந்திக்கு டயாலிசிஸ் செய்ய வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாகப்பட்டினத்துக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அலைகிறவர் அவர். மிச்சம் இருக்கிறவள் நான். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் என்னை ஆளில்லாத வீடு மாதிரி சேர்த்துக்கொண்டாய் பார், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

விளையாட்டு என்கிறாய். அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஊரடங்கு சமயத்தில் நீ இங்கே வந்து மாடியறையில் உட்கார்ந்து வேலை பார்த்தாய். காபி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் நான் உன் திரையைப் பார்ப்பேன். ஒருநாள், இதெல்லாம் என்னடா என்று கேட்டேன். "சொன்னா உனக்குப் புரியாதும்மா" என்றாய். உண்மைதான், நீ சொன்னால் புரியாது. சின்னப் பிள்ளையிலிருந்தே உனக்கு விளக்கிச் சொல்ல வராது. அதனால் வேறு ஆட்களிடம் கேட்டுக்கொண்டேன். நீ புது லேப்டாப் வாங்கிக்கொண்டு, கீல் உடைந்த பழையதை அலமாரியில் தள்ளிவிட்டுப் போனாய் இல்லையா? அதைத் தட்டித் துடைத்து, திரை பின்னால் சாயாமல் இருக்க ஒரு மாவு டின்னை முட்டுக் கொடுத்து, சமையல்கட்டு ஒழிந்ததிலிருந்து மாடு கறக்கிற நேரம்வரை தினமும் அதன் முன்னால் உட்கார்ந்தேன். மதியம் தூங்குகிற பழக்கம் அதோடு போயிற்று. அந்தத் தூக்கத்தால் எனக்கு ஒரு நன்மையும் இருந்ததில்லை, தலைவலிதான் வரும்.

முதலில் தமிழில் சொல்லித்தருகிற வீடியோக்களைப் பார்த்தேன். அந்தப் பையன்கள் எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி பேசுவார்கள்; வேகத்தைக் குறைத்து வைத்துக் கேட்டால் குடித்தவன் மாதிரிப் பேசுவார்கள். அப்படியே கேட்டேன். பிறகு இங்கிலீஷ். அர்த்தம் தெரியாத வார்த்தையைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்து, அடுப்பில் உலை கொதிக்கும்போது பார்த்துக்கொள்வேன். சந்தேகம் கேட்க இணையத்தில் ஒரு குழு இருந்தது. அங்கே யார் முகமும் யாருக்கும் தெரியாது. நான் எதைக் கேட்டாலும் "ப்ரோ, ஸ்பேஸ் சரியா விட்டீங்களான்னு பாருங்க ப்ரோ" என்று பதில் வரும். நான் பெண்பிள்ளை, அதுவும் கல்யாணமான மகன் இருக்கிறவள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் "ஆன்ட்டி" என்பார்கள், அடுத்து சுலபமான கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். ப்ரோவாகவே இருந்துவிட்டேன். ப்ரோவாக இருப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது தம்பி. தப்பு செய்தால் தப்பு என்று மட்டும் சொல்கிறார்கள், "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்று யாரும் கேட்பதில்லை.

அதைக் கேட்பதற்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தொலைதூரக் கல்வியில் பி.சி.ஏ. சேர்ந்ததும் ஊர் முழுக்கச் செய்தி போயிற்று. பேராவூரணியில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி உன் அத்தை கேட்டாள், "என்ன அண்ணி, கலெக்டராகப் போறீங்களாமே?" இடம் காலியானா சொல்லு, மனு போடுறேன் என்றேன். அதற்குமேல் அவள் சாம்பாரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். முதல் பரீட்சைக்குத் தஞ்சாவூர் போனேனே, அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொன்னேனா? நான் ஹாலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்று குட்மார்னிங் மிஸ் என்றார்கள். உட்காருங்கப்பா, நானும் எழுதத்தான் வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு என் பெஞ்சைத் தேடினேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேள்வித்தாள் வந்தது, யாரும் சிரிக்கவில்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நீயே ஒருமுறை கேட்டாய். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்பது ஒரு பக்கம். வளைவதற்கு நான் என்ன மூங்கிலா? நான் வளைய வரவில்லை, படிக்க வந்தேன். ஐந்தில் என்னை யாரும் வளைத்துப் பார்க்கவும் இல்லை. பன்னிரண்டாவதில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவளுக்கு அடுத்த ஆவணியில் கல்யாணம் செய்துவைத்தார்கள், அவ்வளவுதான். அதற்காக நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. உங்கப்பா நல்லவர். நீ பிறந்தாய், சந்தோஷமாகவே இருந்தேன். ஆனால் சந்தோஷமாக இருந்தவள் வேறு எதற்கும் ஆசைப்படக் கூடாது என்று எங்கேயும் சட்டம் இல்லை.

உனக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. போன தையில் நீ போனில் "ஊர்ல என்ன விசேஷம்" என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை, ஊரே என் வாசலில்தான் நின்றது. உங்கப்பா அறுவடைக்கு மெஷின் பிடித்துக் கொடுக்கிறவர் என்பது உனக்குத் தெரியும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மெஷின் வரும். எந்த வயலுக்கு எது, எப்போது என்று சொல்ல வேண்டியவர் இவர். சம்பா முற்ற ஆரம்பித்துவிட்டால் இவர் காதைவிட்டு போன் இறங்காது. சாப்பிடும்போதும் பேச்சு, குளிக்கும்போதும் பேச்சு. அதைப் பார்த்துவிட்டு நான் ஒரு புரோகிராம் எழுதினேன். யார் வயல், எத்தனை மா நிலம், என்ன ரகம், எப்போது நட்டது என்று கொடுத்தால், எது முதலில் முற்றுமோ அந்த வரிசையில் பெயர்களை அடுக்கி டிரைவர் போனுக்கு அனுப்பிவிடும். அழகாக ஓடியது. உங்கப்பா டீக்கடையில் உட்கார்ந்து, வீட்டுல எழுதுனது என்று பெருமையடித்துக்கொண்டாராம். எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம் ராஜகுமாரி வயல் வந்தது. அவள் போட்டிருந்தது சீக்கிரம் விளைகிற ரகம், கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது. ஆனால் அவள் வயல் உள்ளே இருக்கிறது. ரோட்டிலிருந்து அதற்குப் போக கலியமூர்த்தி மாமா வயலைத் தாண்டித்தான் போக வேண்டும். மாமா வயலில் பயிர் இன்னும் பச்சை. முன்வயல் அறுக்காமல் உள்வயலுக்கு மெஷின் இறங்காது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவசரமென்றால் முன்வயல்காரரிடம் போய்க் கேட்பார்கள். அவர் சரி என்றால், வரப்பை ஒட்டி மெஷின் அகலத்துக்குக் கையால் அறுத்து வழி செய்துகொள்வார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நான் புரோகிராமில் எல்லாவற்றையும் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை. தெரியாததால் இல்லை, தெரிந்ததால்தான் எழுதவில்லை. ஊருக்கே தெரிந்த ஒன்றை யாராவது மெனக்கெட்டு எழுதுவார்களா? டிரைவர் அந்த வருடம்தான் முதல்முறையாக நம் பக்கம் வந்தவர். போனைப் பார்த்தார், ராஜகுமாரி பெயர் இருந்தது, யாரோ கை காட்டிய திசையில் மெஷினை இறக்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் யாராவது பார்த்துக் கத்துவதற்குள், பால் பிடித்துக்கொண்டிருந்த கதிரில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை மெஷினின் பெல்ட் தடம் விழுந்துவிட்டது.

மாமா வாசலுக்கு வந்தார். அவர் அதிர்ந்து பேசி நீ கேட்டிருக்கமாட்டாய். "உன் கம்ப்யூட்டருக்குப் பசிச்சா அதுக்கு உன் வயலைக் குடுக்க வேண்டியதுதானம்மா. என் வயல்தான் கெடச்சுதா?" என்றார். கை கட்டி நின்றேன். அவர் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அழிந்த பயிருக்கு ஈடாக நம் வயல் நெல்லை அவர் களத்தில் கொண்டுபோய் இறக்கினோம். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. அன்றைக்கு உங்கப்பா சாப்பிட்டுக்கொண்டே, விட்டுரு, நான் பழையபடி வாயாலேயே சொல்லிக்கிறேன் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விடமாட்டேன் என்றேன். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு வயல்வயலாக நடந்தேன். எந்த வயலுக்கு எந்த வயல் வழி, எங்கே வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது, எந்த மதகுமேல் மெஷின் ஏறும், எதில் ஏறினால் உடையும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். முதலில் கேட்டது கலியமூர்த்தி மாமாவைத்தான். அவர் பதில் சொல்லவில்லை, அவர் மருமகள் சொன்னாள். ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது என்கிற மாதிரி இருப்பவற்றை வரிசைப்படுத்துவதற்குப் படிப்பில் ஒரு பாடமே இருக்கிறது. உனக்குத் தெரியும், நீயும் நெட்டுருப் போட்டுத்தான் எழுதியிருப்பாய். நானும் அப்படி எழுதி மார்க் வாங்கினவள்தான். மாமா வாசலில் நின்று கேட்டபிறகுதான் அது எதற்கான பாடம் என்று எனக்கு விளங்கியது. திருத்தி எழுதி, இந்தக் குறுவைக்கு ஓடவிட்டேன். ஒரு புல்லுக்கும் சேதமில்லை. மாமா இன்னும் தெருவில் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆனால் புரட்டாசியில் அவர் போன் உங்கப்பாவுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. எம் முறை என்னைக்குன்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லும்மா என்றார். கேட்டுச் சொன்னேன்.

இந்தக் கதையை உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ செய்ததும் நான் செய்த தப்புதான். மகனுக்குக் குழந்தை பிறந்தால் அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்வாள். ஊருக்கே தெரிந்தது. அதனால் என்னிடம் கேட்கவேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. என் வயலில் பயிர் நிற்கிறதா, பச்சையா, முற்றியதா, ஒன்றும் பார்க்காமல் மெஷினை இறக்கிவிட்டாய். நான் நெல் கொடுத்துத் தீர்த்தேன். நீ என்ன கொடுப்பாய்? நான் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை யாருடைய வயலில் இறங்குவதாக இருந்தாலும் முதலில் வரப்பில் நின்று கேள். உன் பெண்டாட்டியிடம் கேள், நாளைக்கு உன் மகளிடமும் கேள். அம்மா உனக்குச் சொல்கிற புத்தி இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் சண்டை.

வேலை சும்மா கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. எத்தனையோ கம்பெனிகளுக்கு எழுதினேன், பாதிக்கு மேல் பதிலே வரவில்லை. ஓரிடத்தில், படிப்பு முடித்த வருடத்தையும் பிறந்த வருடத்தையும் பார்த்துவிட்டு, டைப்பிங் மிஸ்டேக்கா மேடம் என்று கேட்டார்கள். இல்லைங்க, ரெண்டும் சரிதான் என்றேன். அப்புறம் அவர்கள் கூப்பிடவில்லை. இப்போது எடுத்துக்கொண்டவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், சின்னக் கம்பெனி. லாரிகள் எந்த ஊருக்கு எந்தச் சரக்கை எந்த வரிசையில் இறக்க வேண்டும் என்பதற்கு மென்பொருள் எழுதுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை. வீடியோவில் என்னைக் கேள்வி கேட்ட பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நீங்கள் எழுதியதில் கெட்டுப்போனது எது என்று கேட்டாள். கலியமூர்த்தி மாமா கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முன்வயல்காரர் வழிவிட மாட்டேன் என்றால் உங்கள் புரோகிராம் என்ன செய்யும் என்று கேட்டாள். நின்றுவிட்டு ஆளைக் கூப்பிடும், அதற்குமேல் அது முடிவுசெய்யக் கூடாது, மனுஷர்கள் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்றேன். வேறு பல கேள்விகளுக்குத் தடுமாறினேன், இரண்டுக்குத் தெரியாது என்றே சொன்னேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். மெயில் வந்தபோது உங்கப்பா கொல்லையில் நின்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி விழுந்துவிட்டது என்றார். நீயும் அந்த நேரத்தில் இங்கே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப ஏ.ஐ. வந்துடுச்சும்மா, எங்களுக்கே வேலை நிக்குமான்னு தெரியல, உனக்கு யார் குடுப்பா?" என்று போன மாசம் சொன்னாய். கொடுத்துவிட்டார்களே, இப்போது என்ன சொல்கிறாய்? நாளைக்கே அது போய்விடலாம், எனக்கும் செய்தி தெரியும், நானும் அந்த ஏ.ஐ.யிடம் தினமும் சந்தேகம் கேட்கிறவள்தான். சில நாள் அது சொல்வது சரியாக இருக்கிறது, சில நாள் உன்னை மாதிரியே அடித்துப் பேசித் தப்பாகச் சொல்கிறது. போகிற வேலையாகவே இருக்கட்டும் தம்பி. என் கைக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகட்டும். கைக்கே வராமல் போனது போதும்.

உங்கப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்று அடுத்து கேட்பாய். என்னைச் சென்னைக்குக் கூப்பிடும்போது மட்டும் அதை நீ கேட்கவில்லை, விசித்திரம்தான். அவர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அது ரசம் என்று அவர்தான் சொல்கிறார், நான் ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் ஊற்றிச் சாப்பிடுகிறேன். உன்னிடம் பேசச் சொன்னதற்கு, அம்மாவும் புள்ளையும் பேசிக்கங்க, என்னை இழுக்காதீங்க என்றுவிட்டார். அவர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். போன வாரம் எனக்கு மேஜைக்குத் தோதாக ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டுவந்து ஒன்றும் சொல்லாமல் மாடியறையில் வைத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் சண்டை. இனி உண்மையாக எனக்கு வலித்த இடத்தைச் சொல்கிறேன். வேலையை விடச்சொன்னது வலிக்கவில்லை. நான் வராவிட்டால் வினோதினி வேலையை விட வேண்டியதுதான் என்றாயே, அதுதான் வலித்தது. நான் படிக்க ஆசைப்பட்டு, அதற்கு இன்னொருத்தி வீட்டுப் பெண் தன் வேலையைக் கொடுப்பதா? அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே நினைப்பு. திங்கட்கிழமை காலையில் கோயம்புத்தூருக்கு மெயில் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். மன்னிக்கவும், குடும்பச் சூழ்நிலை என்று இங்கிலீஷில் அடித்தும் வைத்துவிட்டேன். அனுப்புவதற்கு ஒரு பொத்தான்தான் பாக்கி. அழுதுகொண்டுதான் அடித்தேன், அதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் வினோதினி போன் வந்தது. அவள் பேசியதை உன்னிடம் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டுக்கொண்டேன். தாராளமா சொல்லுங்க அத்தை என்றாள். அதனால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அத்தை, நீங்க வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா வராதீங்க. நீங்க வந்துட்டா அவர் எதையுமே கத்துக்க மாட்டார். நான் வேலைய விடப் போறதில்லைன்னு அவர்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். உங்ககிட்ட மாத்திச் சொன்னது எனக்கு இப்பதான் தெரியும்."

அப்படியா சங்கதி! அவள் விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், நீ அதை விட வேண்டியதுதான் என்று மாற்றி என் தலையில் வைத்திருக்கிறாய். என்னை அசைக்க எது உதவும் என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளை இல்லையா, தெரியாமல் இருக்குமா? நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறாய். குழந்தையோடு தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற பயம். எனக்கும் நீ பிறந்தபோது அந்தப் பயம் இருந்தது, அதைப் பற்றி என்னிடம் யாரும் விசாரிக்கவில்லை. எழுதி வைத்த மெயிலை அழித்துவிட்டு, வேலையில் சேர்கிறேன் என்று கோயம்புத்தூருக்கு எழுதி அனுப்பினேன்.

உன் கம்பெனியில் தகப்பனுக்கும் விடுப்பு உண்டாம். பிரசவத்தின்போது ஒரு வாரம் எடுத்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் வைத்திருக்கிறாயாம். அதை இப்போது எடு. அது முடிந்ததும் உங்கள் தெருமுனையிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறது என்று வினோதினி சொன்னாள், போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாளாம், சுத்தமாக இருக்கிறதாம். வாரத்தில் இரண்டு நாள் நீ வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாய், அந்த நாட்களில் பாப்பாவை நீ வைத்துக்கொள். கஞ்சி காய்ச்சத் தெரியாது என்று சொல்லாதே. அரிசியும் பருப்பும் வறுத்துப் பொடி செய்து அனுப்பியிருக்கிறேன், தண்ணீரில் கரைத்துக் கட்டி விழாமல் கிளறினால் கஞ்சி. கட்டி விழும். இரண்டாம் நாளும் விழும். வடிகட்டிக் கொடு. பொழுது சாயும்போது அவள் அழுதால் அது பசியில்லை, தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நட, நீயும் அப்படித்தான் அழுவாய். நீ சாப்பிட்ட தட்டை இத்தனை வருடம் நான்தான் எடுத்தேன். இனி உன் தட்டையும் நீயே எடு, பாப்பா கிண்ணத்தையும் கழுவு.

பாப்பாமேல் பாசம் இல்லாமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அவள் படத்தைத்தான் லேப்டாப் திரையில் வைத்திருக்கிறேன், தினமும் மேலே பத்து ஜன்னல் திறந்து அவளை மூடிவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக மூடி அவளைப் பார்க்கிறேன். அவள் வாசனை நினைவுக்கு வந்தால் அடித்துக்கொண்டிருக்கிற வரி மறந்துவிடுகிறது. மாசியில் அறுவடை ஓய்ந்ததும் விடுப்பு கேட்டுக்கொண்டு வருகிறேன். விருந்தாளியாக வருவேன். என்னை உட்காரவைத்து நீ காபி போட்டுக் கொடுக்க வேண்டும், நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டும். அவள் வளர்ந்து, பாட்டி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், சும்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லாமல் வேறு ஒரு பதில் சொல்லட்டும். அந்த ஆசை எனக்கு இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வேலையில் சேர்கிறேன். ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை எனக்கு போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் செய். அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்.

அம்மா